ஏரிக்கரையில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பறவை பார்க்க ஆசை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் ஊர் ஏரியில் மதகு எங்கே இருக்கிறது, கலிங்கு எங்கே இருக்கிறது?" (மதகு, பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்; கலிங்கு, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம்.) ஏரியின் அமைப்பு பிடிபட்டுவிட்டால் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பது பாதி தெரிந்த மாதிரி. வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற பறவைகள் சரணாலயங்களுக்குப் பிறகு போகலாம். வீட்டிலிருந்து நடந்தோ வண்டியிலோ பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஏரியில் தொடங்குங்கள். வாரம் தவறாமல் போக முடிகிற இடம்தான் நமக்குக் கற்றுக்கொடுக்கும்.

எந்த மாதம், எந்தக் கரை

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் ஊர்க் கொக்கு, நாரைகளோடு ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வலசைப் பறவைகளும் வடக்கிலிருந்து வந்துவிடும். விடியும்போதே கரையில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீர்மேல் கானல் ஆட ஆரம்பித்தால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும்.

நம் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பல ஏரிகளுக்கு, தண்ணீரைத் தடுக்க உயர்த்திக் கட்டிய கரை கிழக்குப் பக்கம். தண்ணீர் அதற்கு மேற்கே பரந்து கிடக்கும். காலையில் அந்தக் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம், வெளிச்சம் முழுவதும் பறவைமேல். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்து வீசும். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆக, காற்று நம் முதுகில் பட்டால் பறவை நம்மைப் பார்த்த மாதிரி வரும். பறவையின் முதுகையே படமெடுத்து அலுத்தவர்கள் நிற்கிற கரையை மாற்றிப் பாருங்கள். மாலையில் இதே கரையில் வெயில் முகத்தில் அடிக்கும், அதனால் காலைதான் என் முதல் தேர்வு.

ஏரியைப் பிரித்துப் பாருங்கள்

ஆழமான நடுத்தண்ணீரில் முக்குளிப்பான், நாமக்கோழி, வாத்துகள், நீர்க்காகம். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன். தாமரை, அல்லி இலைகள்மேல் நீண்ட விரல்களை விரித்து நடப்பது இலைக்கோழி. கோரைப் புதர் ஓரம் தாழைக்கோழி. ஓடை வந்து சேரும் மேற்கு முனையில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தால் அங்கே உள்ளான்கள் கூட்டமாக மேயும். மதகுச் சுவரும் அதையொட்டிய கம்பியும் மீன்கொத்திக்கு.

கலிங்கு தனி. தண்ணீர் வழிகிற நாட்களில் சின்னக்கொக்குகள் அங்கே வரிசையில் நிற்கும். ஒரு கொக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். கறுத்த கால், அதன் அடியில் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தைச் சேற்றில் வைத்து நடுக்கம் வந்ததுபோல உதறும். மிரண்டு வெளியே வருகிற மீன்குஞ்சு அடுத்த நொடி அலகில். கால் உதறல் நின்று, கழுத்து பின்னுக்கு மடங்குகிறதா? அதுதான் ஷட்டரை அழுத்த வேண்டிய கணம். இதைப் பார்த்துப் பழகாமல் எடுத்தால் கொக்கு நிற்கிற படம் மட்டும்தான் கிடைக்கும்.

முதல் மூன்று முறை கேமரா வேண்டாம்

பைனாகுலரும் ஒரு நோட்டும் போதும். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்: 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த இடமே தெரியாமல் போகும்.

நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள். அளவு, அலகின் வடிவம், காலின் நீளம், நடக்கிற விதம், இவைதான் முதல் அடையாளம். மடையான் என்கிற குளத்துக் கொக்கு கரையோரம் மண் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. எழுந்து பறந்தால் சிறகு பளிச்சென்று வெள்ளை. நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று, அப்படியே தலைகீழாகப் பாயும்.

கேமரா அமைப்பு

70-300 மி.மீ. லென்ஸ் இருந்தால் தொடங்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி. அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளை) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு முழுதாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். போகஸ் தொடர்ச்சியாகப் பின்தொடரும் முறையில் இருக்கட்டும். போகஸ் புள்ளி பறவையின் கண்மேல். கண் தெளிவாக இல்லாத படத்தை வைத்துக்கொள்வதில் பயனில்லை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வெள்ளைப் பறவைகளிடம். நான் முதல் வருடம் எடுத்த கொக்குப் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் திட்டுகளாக இருந்தன, ஒரு இறகுகூடப் பிரிந்து தெரியவில்லை. காரணம் இதுதான்: கறுத்த தண்ணீர் நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், கேமரா மொத்தமும் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1க்குக் குறையுங்கள். வானத்துக்கு எதிரே பறக்கும் கறுத்த நீர்க்காகத்துக்கு இதற்கு நேர்மாறாக +1 வரை கூட்ட வேண்டும். மொபைலில் எடுத்தால் கொக்கின்மேல் விரலை வைத்து, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள்.

கரைமேல் நின்றபடி எடுப்பதைவிட, கரைச்சரிவில் இறங்கி உட்கார்ந்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் படமே மாறிவிடும். ஆனால் சேறு எவ்வளவு ஆழம் என்று தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். மண் எடுத்த ஏரிகளில் குழிகள் திடீரென்று ஆழமாகும்.

நெருங்குவது

துரத்தாதீர்கள். மங்கலான பச்சை, காவி நிற உடையில் ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். பறவை மேய்வதை நிறுத்திவிட்டு, கழுத்தை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் நீங்கள் நெருங்கியது போதும் என்று அர்த்தம், இரண்டடி பின்வாங்குங்கள். ஆள்காட்டிப் பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் பக்கத்தில் தரையில் முட்டை இருக்கலாம். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். பறக்கும் படத்துக்காகக் கல் எறிவது, கை தட்டுவது, மொபைலில் பறவைக் குரலைப் போடுவது எதுவும் கூடவே கூடாது. வேடந்தாங்கல் சுற்றுவட்டார மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே தவிர்த்து வருகிறார்கள். அந்த மாதிரிக் கவனிப்பை நம் ஊர் ஏரிக்கும் கொடுக்க நம்மால் முடியும்.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, ஏரியின் எந்தப் பகுதி, தண்ணீர் மட்டம். இவ்வளவுதான். பெயர் தெரியாததை "தவிட்டு நிறம், நீண்ட அலகு, வாலை ஆட்டியது" என்று எழுதினாலே வீட்டில் கண்டுபிடித்துவிடலாம். பழகியதும், பார்த்த பறவைகளை யாரும் பதியக்கூடிய ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவிடுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிப் பதிந்தால் உங்கள் ஏரியும் அதில் சேர்ந்துவிடும். கார்த்திகையில் நோட்டைத் தொடங்கினால் பொங்கலுக்குள் இருபது பறவைகளையாவது பார்த்ததும் பெயர் சொல்வீர்கள்.