மிரர் சேவையகம்: இந்த வாரம் யார் பொறுப்பு?

டெபியன் போன்ற இலவச இயங்குதளங்களின் மென்பொருள்களை மூலத்திலிருந்து நகலெடுத்து வைத்துக் கொடுக்கும் சேவையகம்தான் மென்பொருள் மிரர். அப்படி ஒன்றை நடத்த நாலைந்து பேர் முன்வந்ததும் எல்லோரும் முதலில் வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். குழு இருக்கட்டும், அதற்கு முன் வாரமுறை எழுதுங்கள். குழுவில் ஒருவர் "டெபியன் பழையதாக நிற்கிறது" என்று போடுவார். நால்வர் "பார்க்கிறேன்" என்பார்கள். மறுநாளும் அது பழையதாகவே நிற்கும். வயல் வட்டைக்குப் பொறுப்பாக ஒரு வட்டவிதானை இருப்பதுபோல, வாரத்துக்கு ஒருவர் வேண்டும். மற்றவர்கள் கை கொடுக்கலாம், முடிவு அவருடையது. அவருக்கு முடியாமல் போனால் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எழுதும்போது நாட்காட்டியை விரித்து வையுங்கள். நாங்கள் கிழக்கிலங்கைக்காரர்: இருவர் காத்தான்குடி, ஒருவர் கல்முனை, ஒருவர் அம்பாறை, நான் கல்லடி. பெருநாள் வாரத்தில் காத்தான்குடிக்காரரையும், தைப்பொங்கலுக்கு என்னையும், வெசாக்குக்கு அம்பாறைத் தம்பியையும் போடுவதில்லை. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்புகிறவர்கள் அதிகாலைப் பரிசோதனையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

பொறுப்பாளர் பார்க்க வேண்டியது என்ன? இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பது போதாது. டெபியன் களஞ்சியம் ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. மிரரில் 'ட்ரேஸ்' என்றொரு அடைவு இருக்கும்; கடைசியாக ஒத்திசைந்த நேரத்தை ஒவ்வொரு சேவையகமும் அங்கே பதிந்து வைக்கிறது. மூலச் சேவையகத்தின் நேரத்தையும் நம்முடையதையும் ஒப்பிடுங்கள். இரண்டு சுற்று பின்தங்கினால் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். விழுந்துபோன மிரரை ஊரே கவனிக்கும். ஒரு வாரம் பழைய மிரரோ சிரித்த முகத்தோடு பழைய பொதிகளை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கோப்புகளை, கொடுத்துக்கொண்டிருக்கும்.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவிக்குச் சொந்தமாக ஒரு வரிக் கட்டளை எழுதித் திறமை காட்ட விரும்புகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அன்பாகத் தடுத்துவிடுங்கள். ஒத்திசைவு இரண்டு கட்டமாக நடக்க வேண்டும்: முதலில் புதிய பொதிகள், அவை முழுதும் வந்த பிறகே அவற்றைப் பட்டியலிடும் அட்டவணைக் கோப்புகள், பழையவற்றை அழிப்பது கடைசியில். வரிசை மாறினால் அட்டவணை ஒன்று சொல்லும், பொதி வேறாக இருக்கும். பயனரின் திரையில் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று வரும். டெபியன் தரும் எஃப்டிபிசிங்க் நிரல் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

வட்டு நிரம்பினால் எதை விடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். நாங்கள் 85 வீதத்தைத் தாண்டியதும், இங்கே யாரும் கேட்காத கணினி வகைகளுக்கான பொதிகளை நிறுத்துவோம். நள்ளிரவில் அது விவாதிக்கும் விடயம் இல்லை.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையத் தனி எஸ்எஸ்எச் சாவி. எல்லா அதிகாரமும் தரும் ரூட் கடவுச்சொல்லைப் பங்கிடாதீர்கள். டொமைன் பெயரைப் புதுப்பிக்கும் கணக்கு குறைந்தது இருவர் கையில் இருக்கட்டும். வேலைக்குக் கட்டாருக்குப் போகிறவரை அவசரப்பட்டு நீக்க வேண்டாம்: அங்கே இரவு ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. பின்னிரவுக் காவலுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் விலகியவரின் சாவியைத்தான் அன்றைக்கே எடுக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன் சேவையகம் இருக்கும் அறையின் திறப்பு யாரிடம் என்று பாருங்கள். வெள்ளத்தில் கல்முனையிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. நடந்து வரக்கூடியவரிடம் ஒரு திறப்பு இருக்கட்டும். மின்வெட்டில் கைகொடுக்கும் யூபிஎஸ், இயந்திரத்தை முறையாக அணைப்பதற்கான அவகாசத்துக்குத்தான், அதை ஓட்டிக்கொண்டிருப்பதற்கு அன்று. மின்சாரம் வந்ததும் கோப்பு முறைமையைச் சோதியுங்கள், பாதியில் நின்ற ஒத்திசைவு விட்டுப்போன பூட்டுக் கோப்பு கிடக்கிறதா பாருங்கள், ஒத்திசைத்து ட்ரேஸ் நேரத்தைச் சரிபாருங்கள். பயனர்களுக்கு வாசலைத் திறப்பது அதற்குப் பிறகு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான காலம் திரும்பினால் அதிகாரபூர்வ மிரர் பட்டியலிலிருந்து நம்முடையதைத் தற்காலிகமாக எடுக்கச் சொல்லி டெபியன் திட்டத்துக்கு எழுதுவதே மரியாதை.

ஞாயிறு மாலை பொறுப்பு கைமாறுகிறது. வட்டில் மீதமுள்ள இடம், கடைசி ஒத்திசைவு நேரம், பாதியில் நிற்கும் வேலை ஆகியவற்றை மூன்று வரியில் எழுதி அனுப்ப வேண்டும். குறிப்பு வந்து சேரும்வரை அடுத்த வாரமும் பழையவருடையதே. இந்த விதி வந்த பிறகு குறிப்புகள் சனிக்கிழமையே வந்துவிடுகின்றன.