நேம்ஸ்பேஸா? எந்த ஊரு இசக்கின்னு கேளும் வே

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு "எலேய் இசக்கி"ன்னு ஒரு சத்தம் போட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பான், அதுக்குத்தான் முக்கூடல் இசக்கி, களக்காட்டு இசக்கின்னு ஊரையும் சேத்து சொல்லுதாவ. பிஎச்பின்னு வெப்சைட்டுக்கு கோடு எழுதுத மொழில நேம்ஸ்பேஸும் இதேதான் வே, ஒரே பேருல ரெண்டு கிளாஸ் (கோடைக் கட்டிவச்ச பொட்டலம்) வந்தா பிரிச்சுக் காட்டுத ஊர்ப்பேரு. 2009ல 5.3 வெர்ஷன்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அண்டர்ஸ்கோர் போட்டு ஒட்டி ரயில் நீளத்துக்கு கிளாஸ் பேரு வச்சிட்டு கெடந்தோம்.

ஃபைலோட தலையில நேம்ஸ்பேஸ் ஆப்-ன்னு போட்டாச்சுன்னா அந்த ஃபைலு ஆப்-ங்கிற ஊருக்குள்ள போயிட்டு. அங்கன இருந்துக்கிட்டு பிஎச்பியோடவே வர்ற தேதி-நேர கிளாசுக்கு நியூ டேட்டைம்னு எழுதினா உள்ளூர் டேட்டைமைத்தான் தேடும், "ஆப்\டேட்டைம்" இல்லன்னு எர்ரர் வரும். ஃபங்ஷன்னா உள்ளூர்ல இல்லாட்டி வெளிய போயி பாக்கும், அதனாலதான் ஸ்ட்ரிங் நீளம் பாக்குத ஸ்ட்ர்லென் எல்லாம் சும்மா ஓடுது, கிளாசுக்கு அந்தச் சலுகை கெடையாது. பேருக்கு முன்னால ஒரு பேக்ஸ்லாஷ் போடும், இல்லன்னா மேல யூஸ் டேட்டைம்னு ஒரு வரி. அந்த யூஸ் அந்த ஒரு ஃபைலுக்குத்தான், இன்க்ளூட் பண்ண ஃபைலுக்கெல்லாம் ஒட்டாது.

எர்ரர் வந்தாக்கூட பரவால்ல, வராம இருக்கதுதான் மோசம். ஒருநா கேட்ச்ல, அதான் ஓடும்போது வர்ற எர்ரரைப் புடிக்குத எடத்துல, வெறும் எக்செப்ஷன்னு எழுதிட்டேன், அது ஆப்\எக்செப்ஷன் ஆயிட்டு, அப்படி ஒரு கிளாஸே கெடையாது, ஆனா பிஎச்பி கேட்ச்ல இருக்க கிளாஸ் நெசமா இருக்கான்னு பாக்காது, ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டு, எக்செப்ஷன் என் கேட்சைத் தாண்டி போயிக்கிட்டே இருக்கு, நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டேட்டாபேஸை ஏசிக்கிட்டு உக்காந்திருக்கேன்! இது இன்ன கிளாஸ் தானான்னு கேக்குத இன்ஸ்டன்ஸ்ஆஃப்லயும் இதே கூத்துதான், பேசாம ஃபால்ஸ் தந்துரும்.

கிளாஸ் பேரை மேற்கோள் குறிக்குள்ள ஸ்ட்ரிங்கா குடுத்தீருன்னா யூஸ் செல்லாது. தெருவுக்குள்ள இசக்கின்னா போதும், மெட்ராஸ்ல இருந்து கவர் வரணும்னா முழு அட்ரஸ் வேணும்லா, அதேதான். கையால எழுதாதீரும், இன்வாய்ஸ்::கிளாஸ்னு போட்டா முழு அட்ரஸையும் அதுவே எழுதித் தந்துரும், 5.5ல இருந்து இருக்கு. ஆனா அட்ரஸ்தான் தரும், வீட்டுல ஆளு இருக்கானான்னு பாக்காது, ஸ்பெல்லிங் தப்பா போட்டாலும் தப்பான அட்ரஸை அழகா தரும்.

எல்லாம் சரியா இருந்தும் சர்வர்ல மட்டும் கிளாஸ் இல்லங்குதா? ஃபோல்டர் பேரைப் பாரும். பிஎஸ்ஆர்-4 ஆட்டோலோட்ல, அதான் கிளாஸ் பேரை வச்சு ஃபைலைத் தானா தேடி எடுக்குத முறையில, ஒரு ஃபோல்டருக்கு கட்டிவச்ச முன்பேரு போக மிச்ச நேம்ஸ்பேஸும் ஃபோல்டரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. மாத்தும்போது, கோடு மாறுனதைக் கணக்கு வைக்குத கிட்ல கிட் எம்வி போட்டு, மொதல்ல வேற பேருக்கு, அப்புறம் சரியான பேருக்குன்னு ரெண்டு தடவையா மாத்தும், விண்டோஸ்ல சும்மா ரீநேம் பண்ணா கிட்டுக்கு அது தெரியாமலே போயிரும்.