கட்டுரைக்குப் போட்ட ஸ்டாரை மாற்றுவது எப்படி?

போன மாதம் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ராத்திரி நேரம், கையில் ஓஆர்எஸ் பாக்கெட் இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு அளவு தேடினால் ஒரு மருத்துவக் கட்டுரையில் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே தலைகீழ்! சர்க்கரைதான் 6, உப்பு அரை, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வந்த கோபத்தில் ஒற்றை ஸ்டாரை அழுத்திவிட்டு, தப்பைச் சொல்லி ஒரு மெயிலும் போட்டேன். மறுநாளே திருத்திவிட்டார்கள். என் ஒற்றை ஸ்டார் மட்டும் அப்படியே நின்றது. பாவமாக இருந்தது, 4 ஆக்கலாம் என்று உட்கார்ந்தேன். (5 கிடையாது. இந்த மாதிரி விஷயத்தில் மறுநாள் என்பதே தாமதம்.)

1. முதலில் சும்மா அழுத்திப் பாருங்கள். பல தளங்களில் புது ஸ்டாரைத் தொட்டாலே பழையது போய்விடும். அப்படி மாறினால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். 'ஏற்கெனவே மதிப்பிட்டுவிட்டீர்கள்' என்று வந்தால் அடுத்ததற்கு வாருங்கள்.

2. லாகின் செய்து போட்டீர்களா? அப்படியானால் அதே கணக்கில் நுழைந்தால்தான் மாற்ற வழி இருக்கும். போனில் இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர்கள் மேலே மூலையில் எந்தப் படம் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. லாகின் இல்லாமல் போட்டிருந்தால். நான் சறுக்கியது இங்கேதான். லாகின் இல்லாத தளம் உங்களை அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் குக்கீ (தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்ன அடையாளக் குறிப்பு) மூலம், இல்லையென்றால் ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்புக்கான எண்) மூலம், சில இடங்களில் இரண்டும். குக்கீயை அழித்தால் ஸ்டார் திரும்பத் திறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். திறக்கும்தான். நானும் அழித்தேன், 4 போட்டேன், நன்றி என்று வந்தது. ஆனால் சராசரி அசையவே இல்லை. முன்பும் 4.2, இப்போதும் 4.2.

அரை மணி நேரம் முழித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த சின்ன எண்ணைக் கவனித்தேன். 19 ஓட்டு இருந்த இடத்தில் 20. அதாவது என் பழைய 1 போகவே இல்லை, அதன் மேல் புதிதாக ஒரு 4 ஏறியிருக்கிறது. 19 பேரின் மொத்தம் 80, என் நாலைச் சேர்த்தால் 84. 20-ஆல் வகுத்தால் அதே 4.2! திருத்தப் போய்க் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இன்காக்னிட்டோவில், அதாவது பழைய குக்கீ எதுவும் இல்லாமல் திறக்கும் தனி ஜன்னலில், போடுவதும் இதே கதைதான். அதைவிட முக்கியம்: சில தளங்களில் பழைய ஓட்டு உங்களுடையது என்பதற்கு அந்தக் குக்கீதான் ஒரே அத்தாட்சி. அதை அழித்தால் சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரி. எதையும் தொடுமுன் சராசரியையும் ஓட்டு எண்ணிக்கையையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வேறு காரணத்துக்காகக் குக்கீயை அழித்தே ஆகவேண்டும் என்றால் அந்த ஒரு தளத்தினுடையதை மட்டும் அழியுங்கள். எனக்கு இதற்கு ஃபயர்ஃபாக்ஸ்தான் பிடிக்கும். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் பூட்டைத் தொட்டால் அங்கேயே வழி இருக்கும். மொத்தமாகத் துடைத்தால் எல்லாத் தளத்திலும் பாஸ்வேர்ட் போட்டு நுழைய வேண்டும், அந்தக் கொடுமை வேண்டாம்.

4. தளத்துக்கே எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கட்டுரையின் இணைப்பு, ஓட்டுப் போட்ட தேதி, சுமாரான நேரம், எத்தனை ஸ்டார், இவ்வளவு போதும். நான் எழுதியது: 'தவறு திருத்தப்பட்டதால் என் 1 ஸ்டாரை மாற்ற விரும்பினேன். தெரியாமல் இரண்டாவதாக 4-ம் போட்டுவிட்டேன். பழையதை நீக்கிவிட்டால் போதும்.' மூன்றாம் நாள் 19 ஓட்டு, 4.4 என்று வந்துவிட்டது.

பின்சேர்க்கை: 'நான் ஓட்டே போடவில்லை, ஏற்கெனவே போட்டாச்சு என்கிறதே' என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது ஐபியைப் பார்க்கும் தளமாக இருக்கும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம், உங்களுக்கு முன்னால் வேறு யாரோ போட்டிருப்பார்கள். வீட்டு வைஃபையில் என்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

இன்னொன்று: மாற்றிய பிறகும் பழைய எண்ணே தெரிந்தால் அவசரப்பட்டு மறுபடி அழுத்தாதீர்கள். பல தளங்கள் பக்கத்தின் நகலைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கும், புது எண் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சில மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள்.