முதல் மான் வேட்டைக்கு எந்தக் காலிபர்?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போய், "முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறேன், எது வாங்கலாம்?" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் .308 வின்செஸ்டரையோ .30-06-ஐயோ எடுத்து வைப்பார். இரண்டும் காலத்தால் சோதித்துத் தேர்ந்த தோட்டாக்கள். ஒன்று 1952-இல் வந்தது, மற்றது 1906-இல். மானை வீழ்த்த இரண்டிலும் சக்தி மிஞ்சியே இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் அந்த உதையைச் சுடுகிறவர் தாங்குவாரா என்பதைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. புதியவர் முதலில் பார்க்க வேண்டியது அது.

அதற்கும் முன்னால் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பாதிப் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) வேண்டும். 70 கிரெய்னுக்கு (குண்டின் எடை அலகு) குறையாத, பட்டதும் விரியும் குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனைப்பகுதி, வேண்டும். அது 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் காட்ட வேண்டும். எல்க் எனும் பெரிய மான் இனம் என்றால் குண்டு 85 கிரெய்ன். ஓஹையோவில் கதையே வேறு. அங்கே மானுக்கு ரைஃபிள் எடுத்தால், கழுத்து குறுகாத நேர்க்கூட்டுத் தோட்டாவாகத்தான் இருக்க வேண்டும். .243, .308 எல்லாம் அங்கே செல்லாது, 2019-இல் வந்த .350 லெஜண்ட் மாதிரித் தோட்டாக்கள் செல்லும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டே பணத்தை எடுங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அங்கே முறையாகப் பெற்ற, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் கைக்கு வரும் முன் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.

உதை எவ்வளவு?

ஸ்கோப்போடு (குறி பார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் உதையின் ஆற்றல் தோராயமாக இப்படி வரும். .243 வின்செஸ்டர், 100 கிரெய்ன் குண்டு: 8 அல்லது 9 அடி-பவுண்டு. 6.5 கிரீட்மோர்: 12. 7எம்எம்-08 ரெமிங்டன், 140 கிரெய்ன்: 12 அல்லது 13. .308, 150 கிரெய்ன்: 15. .270 வின்செஸ்டர், 130 கிரெய்ன்: 16 அல்லது 17. .30-06, 180 கிரெய்ன்: 20. .300 வின்செஸ்டர் மேக்னம்: 26-க்கு மேல். பழகாத தோளுக்கு 15 வரை பொறுக்கும். அதைத் தாண்டினால் மூளை தானாகவே தற்காப்பில் இறங்கிவிடும்.

இந்தக் கணக்கில் எடை பெரிய பங்கு வகிக்கிறது. தோட்டா அதேதான், ரைஃபிள் மட்டும் 8-இலிருந்து 6 பவுண்டாகக் குறைந்தால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். அதாவது மலையேற வசதி என்று வாங்கிய 6 பவுண்டு 7எம்எம்-08, கனமான .270 அளவுக்கு உதைக்கும். "பையனுக்கு லேசான துப்பாக்கி" என்று தேடித் தேடி வாங்கிக் கொடுப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ரைஃபிளின் வாயில் மாட்டும் பிரேக் உதையைக் குறைக்கும், உண்மை. ஆனால் வெடிச்சத்தம் பக்கவாட்டில் திரும்பி வந்து காதில் அறையும், பக்கத்தில் நிற்பவர் காதிலும்தான். சத்தத்துக்கே மிரளும் புதியவருக்கு அது உதவாது.

உதை வருமுன்பே உடம்பு துள்ளிவிடும் இந்த மிரட்சியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கூட வந்தவர் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து போடட்டும். சுடுகிறவருக்கு வரிசை தெரியக் கூடாது. போலி வரும்போது வெறும் 'டிக்' என்று கேட்கும். மிரட்சி இல்லாதவர் கையில் குழல் அப்படியே நிற்கும். மிரள்பவர் கையில் குழலின் முனை ஒரு அங்குலமாவது கீழே குத்தும், கண் இறுக மூடியிருக்கும், தோள் முன்னால் தள்ளியிருக்கும். நிஜத் தோட்டா வெடிக்கும்போது உதை இதையெல்லாம் மறைத்துவிடுவதால், சுட்டவர் ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். 100 யார்டில் குறி தவறி எல்லாம் கீழேயும், வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது பக்கமும் விழுகிறது என்றால், திருகுகளைத் திருப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

மிரட்சி ஒட்டிக்கொண்டால் பெரிய துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு உதை மிகக் குறைந்த சிறிய .22 எல்ஆர் தோட்டாவுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும் வெற்று விசைப் பயிற்சியும் கைகொடுக்கும். பயிற்சி செய்யும் அறையில் நிஜத் தோட்டாவே இருக்கக் கூடாது. துப்பாக்கியில் தோட்டா இருக்கும் அறை காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு இழுங்கள். .22-ஐ வெற்றாக இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பழுதாக்கும், அதனால் போலித் தோட்டா போட்டுக்கொள்வது நல்லது. பெரிய தோட்டாக்களை ஒரே நாளில் 15, 20-க்கு மேல் சுட வேண்டாம். மேசையில் குனிந்து சுடும்போது உடம்பு பின்வாங்க இடமில்லாததால் உதை முழுவதும் தோளில் இறங்கும். நின்று சுட்டால் அதே தோட்டாவின் உதை பாதியாகத் தோன்றும்.

தோளில் ஊன்றும் கட்டையின் நீளமும் உதையில் சேர்ந்ததுதான். பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் கட்டையின் அடியிலிருந்து விசை வரை ஏறக்குறைய 13.5 அங்குலம் இருக்கும். குட்டையானவருக்கு அது நீளம். கன்னம் பின்னால் போகும், தலை நீண்டு ஸ்கோப்பை எட்டும், புருவத்தில் ஸ்கோப் வெட்டும். முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால், ஆட்காட்டி விரலின் முதல் மூட்டு விசையைத் தொட வேண்டும். குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள், வேட்டை நவம்பரில். இளையோர் மாடல் கட்டை ஏறக்குறைய 12.5 அங்குலம் வரும்.

எதை வாங்கலாம்

கடைசியில் போட்டி மூன்றுக்கு இடையில்தான்: .243, 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர். முதல் இரண்டும் .308-இன் கூட்டிலிருந்தே பிறந்தவை; 1955-இல் ஒன்று, 1980-இல் மற்றது.

மான் மட்டும்தான், 200 யார்டுக்குள்தான், சுடுகிறவர் சிறியவர் அல்லது உதைக்கு அஞ்சுபவர் என்றால் .243 போதும். அதன் 100 கிரெய்ன் குண்டு குழலை விட்டு விநாடிக்கு 2,960 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 யார்டில் இன்னும் 1,300 அடி-பவுண்டு வைத்திருக்கும். ஆனால் அது தப்பை மன்னிக்காத தோட்டா. தோள் எலும்பில் கோணலாகப் பட்டால் சின்னக் குண்டு உள்ளே போதிய ஆழம் போகாமல் நின்றுவிடலாம்; காயத்தோடு ஓடும் மானைத் தேடி இருட்டில் அலைய வேண்டியிருக்கும். விலாவுக்குப் பின்னால் வயிற்றில் படுவதை எந்தக் காலிபரும் சரிசெய்யாது, .300 மேக்னமும் கூட.

நாளைக்கு எல்க்கும் சுடும் ஆசை இருந்தால் 7எம்எம்-08. 140 கிரெய்ன் குண்டு, பொறுக்கக்கூடிய உதை. இந்த மூன்றில் மான் வேட்டைக்காரருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். குறை ஒன்றே: ஊர்ப்புறக் கடையில் அதன் தோட்டா எப்போதும் இருக்காது. தட்டுப்பாட்டு நாட்களில் முதலில் காணாமல் போவதும் அதுவே. ஆகவே வாங்கும்போது 100 தோட்டா சேர்த்தே வாங்குங்கள். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் அதே உதையில் எங்கும் கிடைக்கிறது. தூரத்தில் காற்றுக்கு அதிகம் வளையாது. அதை ஏதோ மந்திரத் தோட்டா போல விளம்பரப்படுத்துவதை மட்டும் நம்ப வேண்டாம். 200 யார்டுக்குக் குறி வைத்த ரைஃபிளில், 300 யார்டில் .243, 6.5, .308 மூன்றும் 7 முதல் 9 அங்குலம்தான் இறங்கும். புதியவர் சுடும் தூரத்தில் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே .308 இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஹார்னடியின் கஸ்டம் லைட் போன்ற, உதை குறைத்த தோட்டாக்கள் 125 கிரெய்ன் குண்டோடு வருகின்றன. அவை வேறு இடத்தில் படும் என்பதால் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

.223 அதிகம் உதைக்காது என்பதால் பலர் அதில் இறங்குகிறார்கள். சில மாநிலங்களில் மானுக்கு அனுமதியும் உண்டு. கைதேர்ந்தவர் சரியான குண்டோடு பயன்படுத்துவார். புதியவருக்கு வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளின் அறைக்குள் நுழைந்துவிடக்கூடும், சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டும் உள்ள வீட்டில் பெட்டிகளையும் மேகசின்களையும் தனித்தனியே வையுங்கள். சுடும் முன் குழலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் இருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடர்ந்த காட்டில், 150 யார்டுக்குள் என்றால் பழைய .30-30 லீவர் துப்பாக்கி இன்றும் சோடை போகாது. அதன் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டின் நுனி முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை (வெடிப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்பகுதி) குத்தி வெடிக்கவைக்கலாம். தட்டை முனையோ, அதற்கென்றே செய்த மென்முனையோ மட்டும் போடுங்கள்.

குண்டு

காலிபர் எதுவானாலும் மான் சாவது குண்டின் வேலையால். பல வேட்டைக் குண்டுகள் சரியாக விரிய விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகம் தேவை. முழுச் செம்புக் குண்டுகள் அந்த வரம்பின் மேல் பக்கம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது, பெரும்பாலும் செம்புதான். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதனால் அதே எடையில் குண்டு நீளமாக இருக்கும். நீளக் குண்டை நிலைநிறுத்தக் குழலின் முறுக்கு (உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகள்) போதாமல் போனால் அது தடுமாறிப் பறக்கும். அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி விழுந்தால் காரணம் அதுதான். அதனால்தான் .243-இல் செம்பு வாங்கினால் 80, 85 கிரெய்ன் பக்கம் போகிறார்கள்.

முதல் சீசனுக்கு ஒரே வகைத் தோட்டா மூன்று பெட்டி, 60 எண்ணம். முதல் 20 குறி வைக்க, அடுத்த 20 உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட, மிச்சம் காட்டுக்கு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய 8 அங்குலம். அதே அளவு காகிதத் தட்டை ஒட்டி, காட்டில் சுடப்போகும் நிலையிலேயே ஐந்து சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் 120 யார்டு என்றால், அந்த ஆண்டு 130 யார்டில் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.