வெனிஸில் குறைந்த செலவில் சாப்பிடுவது எப்படி?

வெனிஸில் உட்கார்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை. முதல்முறை போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே சாப்பாட்டுச் செலவு நன்றாகக் குறையும்.

படி 1: காலைக் காபியை நின்றே குடியுங்கள். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். அதே காபிக்கு மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறிவிடும். சான் மார்கோ சதுக்கத்தில் 1720 முதல் இருக்கும் ஃப்ளோரியன் மாதிரிக் கடைகளில், வெளியே இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் இசைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

படி 2: மதியத்துக்கு ஒரு பாக்கரோவைத் தேடுங்கள். பாக்கரோ என்பது சின்ன ஒயின் கடை. ரியால்டோ மீன் சந்தையைச் சுற்றிய சந்துகளிலும், கன்னரேஜோ பகுதியின் கால்வாய் ஓரங்களிலும் நிறைய இருக்கின்றன. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சிக்கெட்டி எனும் சிறுதீனிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். உலர்ந்த காட் மீனை வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் போல அடித்து ரொட்டித் துண்டின்மேல் தடவியது ஒன்று. பொரித்த மத்தியை வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைத்தது இன்னொன்று. வெனிஸுக்குப் போய் இந்த மத்தியைச் சாப்பிடாமல் வரவே கூடாது! சைவமா? கூனைப்பூ (ஆர்டிசோக்), பாலாடைக்கட்டி வைத்தவற்றைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் விரலைக் காட்டினால் போதும். பெரும்பாலும் ஒன்று சில யூரோதான். நாலைந்து எடுத்தால் வயிறு நிறைந்துவிடும். கொஞ்சம் சீக்கிரமே போங்கள், நேரமானால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

படி 3: இரவு உட்கார்ந்து சாப்பிட ஆசையா? சரி, வாசலில் மாட்டியிருக்கும் மெனுவைக் கடைசி வரி வரை படித்துவிட்டு நுழையுங்கள். 'கொபெர்த்தோ' என்று இருந்தால் அது தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் மேசைக் கட்டணம். 'செர்விட்சியோ' என்றால் சேவைக் கட்டணம். மீன் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 8 யூரோ என்று நினைத்துச் சொன்ன மீன் 600 கிராம் இருந்தால் பில் 48 யூரோ. அதனால் சமைப்பதற்கு முன்பே எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். மெனுவில் இல்லாத 'இன்றைய ஸ்பெஷல்' என்று வாயால் சொன்னாலும் அப்படித்தான்.

படி 4: தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். சதுக்கங்களில் உள்ள குழாய்களில் வருவது குடிநீர்தான், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 5: சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டியும் பழமும் வாங்கிச் சாப்பிடுவதானால் இடம் பார்த்து உட்காருங்கள். சான் மார்கோவிலும் பாலப் படிகளிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். கிழக்குப் பக்கம் சான்ட்எலெனா பூங்காவுக்குப் போய்விடுங்கள், பெஞ்சுகள் இருக்கின்றன. அப்புறம், கையில் சாண்ட்விச்சோடு சான் மார்கோ பக்கம் நடக்க வேண்டாம். கடற்காகங்கள் பாய்ந்து வந்து பிடுங்கிவிடும்.