குழந்தைக்கு அப்ரைட் பியானோ வாங்கப் போறீங்களா, முதல்ல ட்யூனரை பிடிங்க

பிள்ளைய பியானோ கிளாஸ்ல சேத்தாச்சு, கொஞ்ச நாள்ல மிஸ் "வீட்ல சின்ன கீபோர்டு வச்சு இனிமே ஓட்ட முடியாது"ன்னு சொல்லிடுவாங்க, அப்போ எல்லாரும் நேரா ஓஎல்எக்ஸ்ல போய் தேட ஆரம்பிப்பாங்க. சென்னைல இருக்கீங்கன்னா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, பியானோவுக்கு சுருதி சேத்து ரிப்பேரும் பாக்கிற நல்ல ட்யூனர் ஒருத்தர் நம்பர் வாங்குங்க. கிளாஸ் மிஸ்ஸ கேட்டாலே சொல்லுவாங்க. இந்த ஊர்ல பியானோ விக்கிறவங்க கிடைச்சிடுவாங்க, அதை ஒழுங்கா பாத்துக்கிறவங்க கைவிட்டு எண்ற அளவு தான், அவர் வர முடியாத இடத்துல எவ்ளோ நல்ல பியானோ இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது சைஸ். அப்ரைட்னா அலமாரி மாதிரி நிமிந்து நிக்கிற பியானோ, அதுல உயரம் தான் முக்கியம், ஏன்னா உயரம் கூடக்கூட கம்பி நீளம், சவுண்ட்போர்டு (சத்தத்தை பெருசாக்குற பலகை) பெருசு, பேஸ் (கீழ் ஸ்வரங்கள்) நல்லா வரும். 109 செ.மீ உயரத்துலயே புதுசு கிடைக்குது, ஆரம்பிக்கிற குழந்தைக்கு தாராளமா போதும். ஆனா கிரேடு எக்ஸாம் எல்லாம் போற ஐடியா இருந்தா 121 செ.மீ பக்கம் பாருங்க, யமஹாவோட யூ1 மாடல் அந்த உயரம் தான், ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் யூ1, கவாய் எல்லாம் மார்க்கெட்ல சுத்திட்டு இருக்கு. முதல்ல ஒரு கடைக்கு போய் (அண்ணா சாலைல 1842ல இருந்து இருக்கிற மியூசி மியூசிகல் மாதிரி) புதுசுல ரெண்டு மூணு வாசிச்சு பாத்துட்டீங்கன்னா நல்ல டச் எப்படி இருக்கும்னு கைக்கும் காதுக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் பழசு பாக்கப் போனா ஏமாத்த முடியாது.

பழசு பாக்கும்போது பாலிஷ பாக்காதீங்க, அது ஒரு வாரத்துல பண்ணிடலாம். மேல் மூடிய திறந்து டார்ச் அடிங்க. உள்ள சீரியல் நம்பர் இருக்கும், யமஹான்னா அத வச்சு எந்த வருஷம் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிடலாம். கம்பியிலயும் ட்யூனிங் பின்லயும் (கம்பிய சுத்தி இறுக்கிற ஆணி) துரு இருக்கா, ஹேமர் ஃபெல்ட்ல (கம்பிய அடிக்கிற சுத்தி மேல இருக்கிற கம்பளி) கம்பி ஆழமா வெட்டி பள்ளம் விழுந்திருக்கா பாருங்க. கீழ் பேனலையும் கழட்ட சொல்லுங்க, சாதாரணமா ஒரு ஸ்பிரிங் கிளிப் தான், கழட்ட மாட்டேன்னு சொன்னா கிளம்பிடுங்க. கரையான், எலிப் புழுக்கை, பூச்சி அரிச்ச ஃபெல்ட் எல்லாம் அங்க தான் மாட்டும். அப்புறம் 88 கீயையும் ஒண்ணு விடாம மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை அழுத்துங்க, அழுத்தினது சட்டுனு மேல வரலன்னா ஈரத்துல உப்பியிருக்குன்னு அர்த்தம், ஒண்ணு ரெண்டுன்னா ட்யூனர் சரி பண்ணிடுவார், பாதி கீ அப்படின்னா விட்ருங்க.

ரொம்ப முக்கியமானது சுருதி நிக்குமா இல்லையாங்கிறது. ஒரு பியானோல 220 கம்பிக்கு மேல இருக்கும், எல்லாம் சேந்து கிட்டத்தட்ட 18 டன் இழுவை, அந்த இழுவைய தாங்குறது உள்ள இருக்கிற இரும்பு ஃபிரேம், ஆனா சுருதி இறங்காம ட்யூனிங் பின்னை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது ஒரு மரக்கட்டை. அது லூசானா இன்னைக்கு ட்யூன் பண்ணி நாளைக்கு இறங்கிடும், மாத்துற செலவுல வேற பியானோவே வாங்கிடலாம். போன்ல ட்யூனர் ஆப் போட்டு நடு சி-க்கு (கீபோர்டு நடுவுல இருக்கிற சி ஸ்வரம்) மேல இருக்கிற ஏ-வ தட்டுங்க, 440 ஹெர்ட்ஸ் வரணும். 415 பக்கம் நிக்குதுன்னா அரை ஸ்வரம் இறங்கியிருக்கு, வருஷக்கணக்கா யாரும் தொடல. விக்கிறவர் "ட்யூன் பண்ணா சரியாயிடும் சார்"னு சொல்லுவார், அதை நம்ம ட்யூனர் வந்து பின்னை திருகிப் பாத்து சொல்லட்டும். அவருக்கு குடுக்கிற விசிட் பீஸ் தான் இதுல உருப்படியான செலவு.

மெழுகுவர்த்தி ஸ்டாண்டு எல்லாம் வச்ச நூறு வருஷ இங்கிலீஷ் பியானோ ஊட்டி பங்களால இருந்து வந்ததுன்னு காட்டுவாங்க, பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஹால்ல ஷோவுக்கு வைங்க, குழந்தை கத்துக்க வேண்டாம். பட்ஜெட் பத்தலன்னா இப்படி ஒரு ஓட்டைய வாங்குறதுக்கு வெயிட்டட் கீ (நிஜ பியானோ மாதிரி கனமா அழுத்துற கீ) இருக்கிற 88 கீ டிஜிட்டல் பியானோ எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு கொண்டு வரும்போது, 121 செ.மீ சைஸ்னா 200 கிலோவுக்கு மேல இருக்கும், லிஃப்ட் அளவும் மாடிப்படி திருப்பமும் முன்னாடியே அளந்துக்கோங்க, பியானோ தூக்கிப் பழகின ஆளுங்களையே கூப்பிடுங்க. ஜன்னல், ஏசி காத்து நேரா படுற இடம், மழைல ஊறுற வெளிச்சுவர் இதெல்லாம் வேண்டாம். ஈரப்பதம் 40லேர்ந்து 60 சதவீதம்னு சொல்லுவாங்க, சென்னைல அது கனவு தான், அதனால பியானோ உள்ள ஒரு டீஹியுமிடிஃபையர் ராடு (ஈரத்தை குறைக்கிற ஹீட்டர் கம்பி) மாட்டிடுங்க, பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கம்னா உப்புக் காத்து வேற, கண்டிப்பா மாட்டணும். வந்து இறங்கின அன்னைக்கே ட்யூன் பண்ணாதீங்க, ரெண்டு மூணு வாரம் அந்த ரூமுக்கு பழகட்டும், அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை.

ஸ்டூல் மட்டும் உயரம் ஏத்தி இறக்குற மாதிரி வாங்குங்க, பிள்ளைக்கு கால் தரைல எட்டலன்னா கீழ ஒரு மனை போட்டா போதும்.