ஆய்வுகளைத் திரட்டி ஒரு சத்தின் அன்றாட அளவை வகுப்பது எப்படி? இரும்புச்சத்தை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஒரு சத்து நாளொன்றுக்கு எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஆய்வைக் காட்டி விடை சொல்லிவிட முடியாது. ஒரு பொருளில் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடித் திரட்டி, தரம் பார்த்து, ஒருசேர எடைபோடுவதையே முறையான மதிப்பாய்வு என்கிறோம். 2011-இல் அமெரிக்க நிபுணர் குழு கால்சியத்துக்கும் வைட்டமின் டி-க்கும் அளவுகளை வகுத்தபோது இத்தகைய மதிப்பாய்வுகளையே ஆதாரமாகக் கொண்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஊட்டச்சத்துப் படிப்பைத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள் அந்த வேலையைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

யாருக்கு, எந்தச் சத்து, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக என்ற நான்கும் கேள்வியில் இருக்க வேண்டும். “இரும்புச்சத்து நல்லதா?” என்று கேட்டால் தேடலுக்கு எல்லையே இராது. “மாதவிடாய் வரும் வயதுப் பெண்கள் கூடுதலாக இரும்புச்சத்து எடுத்துக்கொண்டால், எடுத்துக்கொள்ளாதவர்களைவிட அவர்களுக்கு ரத்தசோகை குறைகிறதா?” என்று கேட்டால் வழி தெளிவாகும்.

இரண்டாம் படி: சங்கிலியை வரையுங்கள்

உண்ட இரும்பு குடலில் உறிஞ்சப்படுகிறது, சேமிப்பு உயர்வது, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினின் ரத்த அளவில் தெரிகிறது, பின்னர் ஹீமோகுளோபின் உயர்கிறது, சோர்வு குறைகிறது. இதன் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஆய்வுகள் இருக்கும். எந்த ஆய்வு எந்தக் கண்ணியைத் தாங்குகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

மூன்றாம் படி: தேடுங்கள், வடிகட்டுங்கள்

எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்ற விதிகளைத் தேடலுக்கு முன்பே எழுதி வையுங்கள். பப்மெட், கோக்ரேன் போன்ற மருத்துவ ஆய்வுத் தளங்களில் கிடைப்பவற்றை இருவர் தனித்தனியாகப் படித்து, பின்னர் முடிவுகளை ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: எடைபோடுங்கள்

அதிகப் பொறுமை வேண்டிய இடம் இதுதான். மருந்துச் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவினரின் உடலில் அந்த மருந்து பெரும்பாலும் இருக்காது. சத்து அப்படியன்று, எல்லோரும் ஏதோ ஓரளவு ஏற்கெனவே உண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே தொடக்கத்தில் அவர்கள் உடலில் எவ்வளவு சேமிப்பு இருந்தது என்று சொல்லாத ஆய்வை வைத்து அதிகம் பேச முடியாது. தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபர் முதல் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் இரும்பு உள்ளிட்ட சத்துகளைச் சேர்ப்பது கட்டாயம் என்பதால், அதற்கு முந்தைய ஆய்வையும் பிந்தைய ஆய்வையும் யோசிக்காமல் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஃபெரிட்டினிலும் கவனம் தேவை. உடலில் அழற்சி இருந்தால் அது தானே உயரும். எனவே அழற்சியையும் அளந்த ஆய்வுகளுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

நம் சமூகத்திலேயே நடந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். இங்கே இந்திய வம்சாவளிக் குடும்பங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரும்புச் சேர்மம் கலந்த மசாலாத்தூளும் மற்றதற்குக் கலக்காத தூளும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது வெளிப்படாமல் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1989-இல் வெளியான முடிவுகளின்படி பெண்களின் இரும்புச் சேமிப்பு தெளிவாக உயர்ந்தது. அன்றாடச் சமையலின் வழியே கொடுத்ததாலும் ஒப்பீட்டுக் குழு இருந்ததாலும் இதற்கு நல்ல எடை உண்டு. ஆனால் கூடுதல் இரும்பு பலன் தரும் என்பதைத்தான் இது காட்டுகிறது; சரியான அளவு இதுவென்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிடுவோர் பலர்.

ஐந்தாம் படி: எண்ணுக்கு வாருங்கள்

மதிப்பாய்வு எண்ணைத் தானாகத் தராது. இரும்பைப் பொறுத்தவரை, உடலிலிருந்து இழக்கப்படும் அளவைக் கணித்து, அதை உறிஞ்சப்படும் விகிதத்தால் வகுக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கில், மாதவிடாய் வரும் பெண்களில் 95 விழுக்காட்டினருக்குப் போதுமான உறிஞ்சப்பட்ட இரும்பு நாளுக்கு 2.94 மில்லிகிராம். உணவிலுள்ள இரும்பில் 15 விழுக்காடு உறிஞ்சப்பட்டால் 2.94-ஐ 0.15-ஆல் வகுத்து 19.6 மில்லிகிராம் உண்ண வேண்டும். 10 விழுக்காடென்றால் 29.4, 5 விழுக்காடென்றால் 58.8. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பைட்டேட் என்ற சேர்மமும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் உறிஞ்சலைக் குறைக்கின்றன. இறைச்சியும் எலுமிச்சைச் சாறும் கூட்டுகின்றன. புரட்டாசி மாதம் முழுவதும் புலால் தவிர்க்கும் வீட்டுக்கும் மற்ற மாதங்களில் அதே வீட்டுக்கும் ஒரே விகிதத்தைப் போடலாமா என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: எந்த எண் எதற்கு என்று பிரியுங்கள்

சராசரித் தேவை என்பது ஒரு குழுவில் பாதிப் பேருக்குப் போதுமான அளவு. பரிந்துரை அளவு 97 முதல் 98 விழுக்காட்டினருக்குப் போதுமானது. பல சத்துகளுக்கு முன்னதை 1.2-ஆல் பெருக்கினால் பின்னது கிடைத்துவிடும். மாதவிடாய் இழப்பு பெண்ணுக்குப் பெண் பெரிதும் வேறுபடுவதால் இரும்புக்கு அது பொருந்தாது: அமெரிக்க அட்டவணையில் 19 முதல் 50 வயதுப் பெண்களுக்குச் சராசரித் தேவை 8.1 மில்லிகிராம், பரிந்துரை அளவோ 18. நாளொன்றுக்கு இதைத் தாண்டக் கூடாது என்னும் உச்ச வரம்பு 45 மில்லிகிராம். அது வயிற்றுக் கோளாறுகளை வைத்து வகுக்கப்பட்டது. மருத்துவர் சோகைக்குக் கொடுக்கும் சிகிச்சை அளவை இந்த வரம்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு பள்ளியிலோ குடியிருப்பிலோ எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்று கணிக்கும்போது பரிந்துரை அளவை அளவுகோலாகக் கொண்டால், நலமாக இருப்பவர்களையும் பற்றாக்குறையுள்ளவர்களாக எண்ண நேரிடும்.

கடைசியாக, நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அதன் ஆதாரம் வலுவானதா, நடுத்தரமா, பலவீனமா என்று எழுதி, தேடலை முடித்த தேதியையும் குறியுங்கள். உறிஞ்சல் விகிதத்தை நீங்களே ஊகித்திருந்தால் அது ஊகம் என்றே எழுதுங்கள். அடுத்து வருபவர் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் அதுதான்.